ஒல்லியான எனக்கு ஏன்? குண்டான அண்ணனுக்கு ஏன் இல்லை?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் எழுகிறேன். இடையில் ஐந்து டீ. உடற்பயிற்சி என்று எதுவும் இல்லை. உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 92 செ.மீ. அப்பாவுக்கு 45 வயதிலும் அம்மாவுக்கு 50 வயதிலும் சர்க்கரை நோய் வந்தது. அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சென்ற மாதம் பரிசோதித்தபோது எனக்கு வெறும் வயிற்றில் 112, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 158, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. என் அண்ணனுக்கு 40 வயது, 94 கிலோ எடை. அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. இது எப்படி? எச்சிலை வைத்து மரபணுவைச் சொல்லும் பரிசோதனைக்கு விளம்பரம் பார்த்தேன், எடுத்துக்கொள்ளலாமா? ரத்தத்திலேயே எழுதியிருக்கும் நோய் என்றால், சாப்பாட்டைக் குறைத்து, நடந்து என்ன ஆகப்போகிறது? பிறக்கும்போது நான் இரண்டே கால் கிலோதான் இருந்தேனாம். ‘உனக்கு உடம்பே தேறவில்லை’ என்று அம்மா இன்றும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறார். ஏழு வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?

மருத்துவர் பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் கால் விரல்களைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியில்தான் உங்கள் பயம் முழுவதும் இருக்கிறது. எனவே முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை. வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, எச்பிஏ1சி 6.5 என்ற அளவுகளைத் தொட்டால்தான் அது நோய். வெறும் வயிற்றில் 100க்குக் கீழும், இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழும், எச்பிஏ1சி 5.7க்குக் கீழும் இருந்தால் இயல்பு நிலை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். மூன்று அளவுகளும் ஒரே கதையைச் சொல்வதால் ஆய்வகத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த இடத்திலிருந்து திரும்ப வழி இருக்கிறது. அப்பாவின் காலுக்கு நேர்ந்தது பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்த சர்க்கரையின் விளைவு. உங்களுக்கும் அதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது.

இனி, அண்ணன் விஷயம்.

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண் வரும். உங்களுக்கு அது 22. எந்த அட்டவணையிலும் அது சரியான எடை. ஆனால் அந்த எண்ணை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற படம் இருக்கிறது. 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அளவுகோல் ஒன்றுதான், உள்ளே இருந்த உடல்கள்தான் வேறு. நம்மில் பலருக்கு உடல் அப்படித்தான்: தசை குறைவு, கை கால் மெலிவு, வயிற்றில் மட்டும் கொழுப்பு. உங்கள் 64 கிலோவுக்குள் ஒளிந்திருப்பதை 92 செ.மீ. வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது. நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசுதான் உடலின் குதிர். மிஞ்சிய உணவு கொழுப்பாக மாறி அங்கே தங்கியிருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. சிலருக்கு இருபது மூட்டை கொள்ளும் குதிர், சிலருக்கு ஐந்து மூட்டைதான் கொள்ளும். சிறிய குதிர் உள்ள வீட்டில் ஆறாவது மூட்டையை எங்கே வைப்பது? அடுப்பங்கரையிலும் நடையிலும் கொட்ட வேண்டியதுதான். உடலில் அந்த இடங்கள் கல்லீரலும் கணையமும். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலினின் சொல் கேட்பதில்லை. நீங்கள் தூங்கும்போதும் சர்க்கரையை உற்பத்தி செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு எதுவும் சாப்பிடாமல் இருந்தும் காலையில் 112 வருவது இதனால்தான். கணையத்தில் சேர்ந்தால் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்ந்துபோகின்றன. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஒவ்வோர் உடலுக்கும் தனக்கென்று ஒரு கொழுப்பு எல்லை உண்டு, அதைத் தாண்டும்போதுதான் நோய் வருகிறது என்று விளக்கினார். அண்ணனின் எல்லை 94 கிலோவுக்கும் மேலே இருக்கலாம். உங்கள் எல்லை 61, 62இலேயே முடிந்திருக்கலாம்.

அந்தக் குதிரின் அளவை முடிவு செய்வதில்தான் மரபணுவுக்குப் பெரிய பங்கு. சர்க்கரை நோய்க்கு என்று ஒற்றை மரபணு கிடையாது. 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்து 2024இல் வெளிவந்த ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 611 இடங்களை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. பெரும்பாலானவற்றின் தாக்கம் மிகச் சிறியது. அவற்றில் வலுவானது 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2. இது ஆளைக் குண்டாக்குவதில்லை, இன்சுலின் சுரப்பில் கை வைக்கிறது. அடுத்த ஆண்டே கண்டறியப்பட்ட எஃப்டிஓ என்ற மரபணு நேர்மாறானது. அதன் ஒரு வகையை இரண்டு பிரதிகளாகப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாக வந்தது அந்த எடையின் வழியாகத்தான். மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அவை ஆளைக் குண்டாக்கினாலும், கொழுப்பைத் தோலுக்கு அடியிலேயே நிறுத்தி, கல்லீரலுக்குப் போகவிடாமல் காக்கின்றன.

அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் பெற்றோரின் சீட்டுக்கட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகிறது. உங்கள் இருவருக்கும் பொதுவானது சராசரியாகப் பாதிதான். எடையைக் கூட்டும் சீட்டுகள் அவர் கைக்கும், கணையத்தை மெலிவாக்கும் சீட்டுகள் உங்கள் கைக்கும் போயிருக்கக்கூடும்.

அதற்காக அண்ணன் தப்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். எட்டு ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு மரபணுவையும் எடையையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இயல்பான எடையோடு, மரபணு ஆபத்தில் மேல் கால்பகுதியில் இருந்தவர்களில் பத்து ஆண்டுகளில் 0.89 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மரபணு ஆபத்து மிகக் குறைவாக இருந்தும் உடல் பருமன் உள்ளவர்களில் 4.22 சதவீதம் பேருக்கு வந்தது. நல்ல மரபணுவால் பருமனின் கேட்டை ஈடுகட்ட முடியவில்லை. அதே ஆய்வில் உங்களுக்கான செய்தியும் இருக்கிறது. மரபணு எத்தனை மடங்கு ஆபத்தைக் கூட்டுகிறது என்று கணக்கிட்டால், ஒல்லியானவர்களிடம்தான் அது அதிகம். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளையருக்கு உடல் நிறை எண் 30இல் வரும் சர்க்கரை ஆபத்து, தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என்று 2021இல் இங்கிலாந்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய அட்டவணையைப் பார்த்து நாம் நிம்மதி கொள்ள முடியாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் சற்று நிற்க விரும்புகிறேன்: பிறந்தபோது இரண்டே கால் கிலோ. இதைக் கேட்கும் மருத்துவர்கள் குறைவு, சொல்லும் நோயாளிகள் அதைவிடக் குறைவு. புனே அருகே உள்ள கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பிள்ளைகளை எடைபோட்டார்கள். சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளும்தான். கொழுப்பு அந்த அளவு குறையவில்லை. அதாவது மெலிந்து பிறக்கும்போதே கொழுப்போடு பிறக்கிறோம். தாய்க்கு உணவு போதாத காலத்தில் கருவில் வளரும் பிள்ளையின் கணையமும் தசையும் சிக்கனமாகவே அமைகின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளத் திணறியது தெரிந்தது. அவர்களுடைய மரபணு மாறவில்லை, தாய்க்குச் சோறு இல்லை, அவ்வளவுதான். ஆகவே ‘பரம்பரை’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் மரபணு ஒரு பங்கு, கருவறை ஒரு பங்கு, ஒரே அடுப்பில் சமைத்த உணவும் ஒரே மாதிரி வாழ்க்கையும் இன்னொரு பங்கு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ரத்தத்தில் எழுதியிருந்தால் மாற்ற முடியாதா?

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். உலகிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள மக்களில் அவர்களும் அடக்கம். அவர்களுடைய உறவினர்களான இன்னொரு பீமா கூட்டத்தார் மெக்சிகோவின் மலைப்பகுதியில், கையால் உழுது, சோளமும் பீன்ஸும் தின்று வாழ்கிறார்கள். 2006இல் இரு சாராரையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. அரிசோனாவில் 38 சதவீதம், மெக்சிகோவில் 6.9 சதவீதம். மரபில் இவ்வளவு நெருங்கியவர்களிடையே ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்றால், அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சென்னைக்கு வாருங்கள். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போலவே நடுநிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39.3 சதவீதம். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. 2006இல் வெளிவந்த இந்த முடிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: பலன் பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையாவிட்டாலும் உடலுக்குள் நன்மை நடந்தது. ‘ஒரு மாதம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை’ என்று பாதியில் விடுகிறவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்கிறேன். அந்த 55 சதவீதத்தையும் மறக்க வேண்டாம். நம்மவர்களுக்கு இந்த நடுநிலையிலிருந்து நோய்க்குப் போகும் வேகம் அதிகம். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடம் இல்லை.

மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு 70 சதவீதம் வரை என்றும், ஒருவருக்கு மட்டும் இருந்தால் சுமார் 40 சதவீதம் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. உங்கள் குடும்ப வரலாறே அந்தப் பரிசோதனையைச் செய்து முடித்துவிட்டது. இத்தகைய பரிசோதனைகள் தரும் மரபணு ஆபத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினரின் தகவல்களை வைத்து உருவானவை, நமக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு எதுவாக வந்தாலும் நான் சொல்லப்போகும் சிகிச்சை மாறாது. அமெரிக்காவில் இதேபோன்ற பெரிய தடுப்பு ஆய்வில், டிசிஎஃப்7எல்2இன் ஆபத்தான வகையை இரண்டு பிரதிகளாகப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட வேகமாக நோய்க்குப் போனார்கள். ஆனால் அவர்களிலும் உணவையும் உடற்பயிற்சியையும் கடைப்பிடித்த பிரிவினரிடம் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே உதவும் குடும்பங்கள் உண்டு. தாத்தா, அப்பா, பிள்ளை என்று தொடர்ச்சியாக, 25 வயதுக்கு முன்பே ஒல்லியான உடம்பில் நோய் வந்தால் அது ஒற்றை மரபணுவால் வரும் வகையாக இருக்கலாம். அதைக் கண்டறிந்தால் சிலருக்கு இன்சுலின் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கே மாற்ற முடியும். உங்கள் பெற்றோருக்கு 45, 50 வயதில் வந்ததால் உங்கள் குடும்பம் அந்த வகையாகத் தெரியவில்லை.

சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய ஆபத்து மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. ஊசி, ரத்தம் எதுவும் தேவையில்லை. நூற்றுக்கு 60 எட்டினாலே ஆபத்து அதிகம். உங்கள் வயதுக்கு 20, வயிற்றுக்கு 10, உட்கார்ந்தே இருப்பதற்கு 30, பெற்றோர் இருவருக்கும் 20. மொத்தம் 80. உங்களை அச்சுறுத்தும் பரம்பரைக்கு 20தான் கிடைத்திருக்கிறது. நாற்காலிக்கு 30 என்பதைக் கவனித்தீர்களா?

எனவே நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். உண்ட உடனே உயரும் சர்க்கரையைத் தசை நேரடியாக இழுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் தசைக்கான பயிற்சி கட்டாயம் வேண்டும். கருவிகள் தேவையில்லை, தோப்புக்கரணமும் தண்டாலும் போதும். சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய இடம் தசைதான், உங்களுக்குப் பிறப்பிலேயே குறைவாகக் கிடைத்ததும் அதுதான்.

ஐந்து டீயிலும் இரண்டிரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு 40 கிராம். அதை இந்த வாரமே நிறுத்துங்கள். சோறு ஒரு தட்டு நிறைய இருந்த இடத்தில் கால் தட்டு, மீதியில் காய்கறியும் பருப்பும் சுண்டலும், அசைவம் உண்டு என்றால் முட்டையும் மீனும். பட்டினி கிடக்க வேண்டாம், அது கொழுப்போடு தசையையும் கரைக்கும். மூன்று கிலோ இறங்கினால் போதும், ஆனால் அது வயிற்றிலிருந்து இறங்க வேண்டும். இது வெறும் நம்பிக்கை அல்ல. ராய் டெய்லர் குழுவினர், உடல் நிறை எண் 27க்குக் கீழே இருந்தும் சர்க்கரை நோய் வந்துவிட்ட 20 பேரை எடை குறைக்கச் செய்தார்கள். 14 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே இறங்கியது. நீங்கள் அந்தக் கட்டத்துக்கே இன்னும் போகவில்லை.

அம்மாவின் கூடுதல் கரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டே கால் கிலோவில் கையில் வாங்கிய பிள்ளையை இன்றைக்கும் தேற்றிக்கொண்டிருக்கும் தாய் அவர். கோபித்துக்கொள்ளாமல், உங்கள் தட்டில் அந்தக் கரண்டியைப் பொரியலாக விழச் செய்யுங்கள். அவருக்கும் சர்க்கரை இருப்பதால் அதே சாப்பாடு அவருக்கும் நல்லது.

மகளுக்கு வருமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அவளை ‘சர்க்கரைக் குடும்பத்துப் பிள்ளை’ என்று எண்ண வைக்காதீர்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு எண்கள் தேவையில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாட இடம், வீட்டில் குளிர்பானம் இல்லாத குளிர்பதனப் பெட்டி, இரவு ஒழுங்கான தூக்கம், இவை போதும். அவள் வளர்ந்து தாயாகும் காலத்தில் கர்ப்பத்துக்கு முன்பே நன்றாக உண்டு, ரத்தசோகை இல்லாமல், கர்ப்ப காலச் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டால், உங்களுக்குக் கருவில் கிடைக்காதது அவள் பிள்ளைக்குக் கிடைக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நீங்கள் முயற்சி செய்யாமலே எடை வேகமாக இறங்கினாலோ, தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீரும் வந்தாலோ, அடிக்கடி மேல்வயிற்று வலியோடு எண்ணெய்ப் பசையாக மலம் போனாலோ காத்திருக்க வேண்டாம். ஒல்லியானவர்களுக்கு வரும் வேறு வகைச் சர்க்கரை நோய்களும் கணையக் கல்லும் அப்படித் தொடங்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை வேறு.

இப்போதைக்கு உங்கள் மருத்துவரிடம் வயிற்று ஸ்கேன் எடுத்துக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு அளவுகளையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். மெட்ஃபார்மின் தேவையா என்பதை மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்த பிறகு அவரோடு பேசி முடிவு செய்யலாம். அதுவரை தராசை ஓரமாக வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் காலையில் தொப்புள் மட்டத்தில் ஓர் அளவு நாடாவைச் சுற்றி, வந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகும்போது அண்ணனையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் கல்லீரல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.